கிதாரில் இரண்டு பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) சேரும்போது மட்டும் ஒலி மெலிகிறதா?

பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்பை) நீங்களே மாற்றியிருக்கிறீர்கள். தனித்தனியாக இரண்டும் நன்றாகவே ஒலிக்கின்றன. சுவிட்சை நடுவில் வைத்தால் மட்டும் பேஸ் போய், மூக்கால் பேசுவதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். கவலை வேண்டாம், எதுவும் கெட்டுப்போகவில்லை. இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்கி ஒன்றையொன்று அழிக்கிறது.

எதையும் பிரிக்காமலே உறுதி செய்யலாம். ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வையுங்கள். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பு முனையைக் கேபிளின் மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் கருப்பைத் தண்டிலும் பிடியுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் மேல் படுக்கவைத்துச் சட்டென்று தூக்குங்கள். எண் ஒரு கணம் ஏறும், அல்லது இறங்கும். சுவிட்சை மாற்றி அடுத்ததையும் பாருங்கள். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் சந்தேகமே இல்லை.

புதியது நான்கு ஒயர் வகையா? அப்படியானால் ஹாட்டையும் (சிக்னலைக் கொண்டுபோகும் ஒயர்) கிரவுண்டுக்குப் போகும் வண்ண ஒயரையும் இடம் மாற்றினால் போதும். உறையில்லாத வெற்றுக் கம்பி மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும், அதைத் தொடவே வேண்டாம். நிறங்களை அந்தத் தயாரிப்பாளரின் படத்தில் மட்டும் பாருங்கள்: சீமோர் டங்கனில் ஹாட் கருப்பு, டிமார்ஸியோவில் சிவப்பு.

பின்னல் உறைக்குள் ஒரே ஒயர் வருகிற பழைய வகை என்றால் ஒயர்களை இடம் மாற்றாதீர்கள். உலோக மூடியே ஹாட்டாகி, கை பட்டாலே இரையும். நெக் (கிதாரின் கழுத்துப் பக்கத்து) பிக்கப் நான்கு ஒயராக இருந்தால் அதில் மாற்றுங்கள். அப்புறம், வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) முதுகில் சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிக்கொள்ளுங்கள்.