காவாயில் கிடைத்த கல்லுக்கு 5,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காவாய் வெட்டும்போது கைப்பிடி அளவில் ஒரு பழுப்புக் கல் கிடைத்தது. உடைந்த பக்கம் மெழுகு தேய்த்தது போல இருக்கிறது. இரும்பில் தட்டினால் பொறி பறக்கிறது. ரத்தினக் கல்லாக இருக்கும், லேப் சோதனைக்கு 5,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள் என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது செர்ட் ஆக இருக்கலாம். சிக்கிமுக்கிக் கல்லும் இந்த இனம்தான். பெரும்பாலும் கடலில் வாழும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் அடியில் படிந்து இறுகிய கல் இது. உலகெங்கும் சாதாரணமாகக் கிடைக்கும்.

பேனாக்கத்தியால் அழுத்திக் கீறுங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். கல் கீறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது கத்தியிலிருந்து தேய்ந்த இரும்பு. நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டாது. பொறி பறப்பதை மட்டும் நம்பவே கூடாது. வெங்கச்சங்கல்லிலும் (குவார்ட்ஸ்) பொறி வரும், ஆனால் அது உடைந்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். செர்ட் மங்கலாக, மெழுகுபோல இருக்கும். உடைந்த முகத்தில் கிளிஞ்சல் போல வளைவரிகள் தெரியும். சோதிக்கிறேன் என்று சுத்தியலால் உடைக்காதீர்கள், சில்லு கண்ணில் தெறிக்கும்.

சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதலில் சோதனைக்குப் பணம், அப்புறம் வெளிநாட்டுப் பார்ட்டி வருகிறார் என்று பணம். அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று ஊர் ஊராகப் பணம் பிடுங்குவதும் இதே வழியில்தான். சாதாரண ஆள் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் போய், “இது என்ன?” என்று கேட்க நம்மிடம் ஒழுங்கான இடம் இல்லை. போனால் மனு எழுதிக் கொடு என்கிறார்கள். தரகர் நுழைவது அந்தச் சந்தில்தான். நிலவியல் துறை உள்ள கல்லூரியில் ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒரு லென்ஸ் இருந்தால் அவருக்குப் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கருங்கல். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது, கடலடிப் படிவு இல்லை. அதனால் செர்ட் இங்கே இருந்தால், பெரும்பாலும் யாரோ கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். சரளையோடு போன வருடம் வந்திருக்கலாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் கையோடும் வந்திருக்கலாம். தமிழகத்தில் செர்ட்டில் செய்த சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. கல்லின் விளிம்பைப் பாருங்கள். மண்வெட்டி பட்ட காயம் தாறுமாறாக இருக்கும். ஒரே பக்கமாக, சில்லுகள் வரிசையாகப் பெயர்ந்திருந்தால் அது கை வேலையாக இருக்கலாம். அப்படியானால் கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள், காவாய் வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள், கல் கிடந்த இடத்தைப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.