அயர்ன் மேன் உடை: எந்தப் பாதி நடக்கும், எந்தப் பாதி நடக்காது?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். அயர்ன் மேன் படத்தில் வரும் பறக்கும் கவச உடையை நிஜத்தில் செய்வேன், அதற்காக ஏரோநாட்டிக்கல்தான் படிப்பேன் என்கிறான். திட்டவும் மனம் வரவில்லை, சரி என்று தலையாட்டவும் பயமாக இருக்கிறது. அதில் ஏதாவது சாத்தியமா? எந்தப் பிரிவில் சேர்க்கலாம்?

பதில்: திட்ட வேண்டாம் அம்மா. ஆனால் ஏரோநாட்டிக்கல் என்கிறானே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்த உடையில் ஏற்கெனவே ஓரளவு முடிந்துபோன வேலை பறப்பதுதான்.

பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரௌனிங் 2017இல் கிராவிட்டி இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கைக்கு இரண்டு, முதுகில் ஒன்று என ஐந்து குட்டி ஜெட் எஞ்சின்களை மாட்டிக்கொண்டு பறக்கிறார். 2019இல் மணிக்கு 136 கிலோமீட்டருக்கு மேல் போய் கின்னஸ் சாதனை படைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று பிரான்ஸின் ஃபிராங்கி ஸபாடா, ஜெட் எஞ்சின் பொருத்திய பலகையில் நின்றபடி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். சுமார் 35 கிலோமீட்டர், 22 நிமிடம். ஆனால் பாதி வழியில் ஒரு படகில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. மொத்தப் பிரச்சினையும் அந்தப் படகில்தான் இருக்கிறது.

உங்கள் மகனே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஆள், உடை, பேட்டரி எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வையுங்கள். இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால் என நான்கு துளைகள், ஒவ்வொன்றும் 100 சதுர சென்டிமீட்டர். அவற்றின் வழியாகக் காற்றைக் கீழே தள்ளி அந்தரத்தில் சும்மா நிற்பதற்கே, இழப்பு எதுவும் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய 130 கிலோவாட் வேண்டும். இன்றைய நல்ல லித்தியம் பேட்டரி கிலோவுக்கு 250 வாட்-மணி ஆற்றலைத் தேக்கும். 50 கிலோ பேட்டரியைச் சுமந்தாலும் ஆறு நிமிடம்கூடத் தாங்காது. நிஜ இயந்திரத்தில் அதிலும் பாதி போய்விடும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் கிலோவுக்குச் சுமார் 12,000 வாட்-மணி இருக்கிறது. பிரௌனிங்கும் ஸபாடாவும் பேட்டரி பக்கம் போகாமல் ஜெட் எஞ்சினைப் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

படம் இந்த இடத்தை, நாயகனின் நெஞ்சில் வட்டமாக மின்னும் ஆர்க் ரியாக்டர் என்ற கற்பனை ஆற்றல் கருவியை வைத்துத் தாண்டிவிடுகிறது. 2008இல் வந்த முதல் படத்தில் நாயகன் டோனி ஸ்டார்க் அதன் திறனை நொடிக்கு 3 கிகாஜூல் என்கிறார். அதாவது 3,000 மெகாவாட். கூடங்குளத்தில் இப்போது ஓடும் அலகு ஒன்றின் திறன் 1,000 மெகாவாட். நெஞ்சுக்குள் அதை வைத்து, அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் வெப்பமாகக் கசிந்தால் 30 மெகாவாட். 70 கிலோ உடம்பை 37 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். எதிரியே தேவையில்லை. இவ்வளவு ஆற்றலுக்கு நினைவுக்கு வரும் அணுக்கரு இணைவு, அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுப்பது, நிஜமான அறிவியல்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து (இந்தியாவும் உண்டு) கட்டிவரும் ஐட்டர் இயந்திரத்தின் எடை 23,000 டன். இலக்கு, 500 மெகாவாட் இணைவுத் திறன். அதைச் சட்டைப்பைக்குள் போடுவது பற்றி இப்போதைக்குப் பேச ஒன்றுமில்லை.

படம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொரு ஓட்டை, கவசம். இரும்பு உடையாது, சரி. உள்ளே இருக்கும் ஆள்? 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, கவசத்துக்குள் 10 சென்டிமீட்டர் மெத்தை நசுங்கி நிற்பதாக வைத்துக்கொண்டால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்க்க, உடம்பு உணர்வது புவியீர்ப்பைப் போல் சுமார் 1,000 மடங்கு. 1954இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் வண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்று, 46 மடங்கைத் தாங்கி உயிர் பிழைத்தார். கண்ணில் ரத்தம் கட்டிச் சில மணி நேரம் பார்வை தெரியவில்லை. கவசம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் எலும்புக்கும் மூளைக்கும் அது உதவாது. மெத்தை இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் ஸ்டாப் தாங்கிய அளவுக்காவது வரலாம். அப்படி ஒரு உடையைப் போட்டால் ஹீரோ கதவு வழியாக நுழைய முடியாது!

ஹெல்மெட் திரை, பேசும் உதவியாளர் பற்றியெல்லாம் விவாதமே வேண்டாம், வந்தாயிற்று. எஃப்-35 விமானிகளின் ஹெல்மெட் கண்முன்னே தகவலைக் காட்டுகிறது.

மிச்சம் இருப்பது, உடம்புக்கு வலு கூட்டும் பாகம், அதாவது எக்ஸோஸ்கெலிட்டன். எனக்குப் பிடித்ததும் அதுதான். அமெரிக்கச் சிறப்புப் படைகள் 2013இல் டாலோஸ் என்ற பெயரில் கிட்டத்தட்ட அயர்ன் மேன் உடையையே செய்யப் பார்த்து, 2019இல் முழு உடை என்ற எண்ணத்தைக் கைவிட்டன. மருத்துவத்திலோ கதை வேறு. தண்டுவடம் பாதித்தவர்கள் எழுந்து நடக்க உதவும் ரீவாக் சாதனத்துக்கு 2014இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. மெதுவாக நடக்கும் கருவிக்குப் பறக்கும் உடை அளவு ஆற்றல் தேவையில்லை, பேட்டரியே போதும். சென்னை ஐஐடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் ஆர்2டி2 மையம், உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலி, செயற்கை முழங்கால் மூட்டு என்று இதே திசையில் வேலை செய்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் மகனை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அதனால் என் யோசனை: மெக்கானிக்கல், இல்லையென்றால் எலெக்ட்ரிக்கல். மோட்டார், சென்சார், கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாவற்றுக்கும் இவைதான் அடித்தளம். ரோபோட்டிக்ஸை மேற்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம். அவனை ஈர்ப்பது உடையா, நெஞ்சில் மின்னும் அந்த வட்டமா என்று ஒருமுறை கேளுங்கள். வட்டம்தான் என்றால் பொருளறிவியலோ வேதியியலோ படிக்கட்டும். பேட்டரி ஆராய்ச்சிக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பிரிவின் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். பட்டறைக்குள் போய், மாணவர்கள் கையில் உண்மையிலேயே கருவி இருக்கிறதா என்று பாருங்கள்.