அது வேற, இது வேற

வணக்கம் சார்,

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே வீணை சொல்லிக்கொடுக்கிறேன். 11 வயதில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், இப்போது 48 ஆகிறது. போன ஜனவரியில் என் குருவைத் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குக் காரில் அழைத்துப்போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, மாமி என்றுதான் கூப்பிடுவேன். நான்தான் ஓட்டினேன், மாமி பக்கத்தில், பின் சீட்டில் கல்லூரியில் படிக்கும் என் மகள். கபிஸ்தலம் தாண்டும்போது என் போன் தானாகவே காரின் ப்ளூடூத்தோடு சேர்ந்துகொண்டு, காலையில் சமைக்கும்போது நான் பாதியில் நிறுத்திய பாட்டை மறுபடி எடுத்துவிட்டது. எல்.ஆர்.ஈஸ்வரியின் ‘எலந்தப் பயம்’. மாமி திரும்பிப் பார்த்து “என்னடி இது?” என்றார். நான் சட்டென்று நிறுத்திவிட்டு, “இவ போட்டு வெச்சிருப்பா மாமி” என்றேன். மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஈஸ்வரி பாட்டு என்றால் உயிர். இப்போது வருகிற குத்துப்பாட்டுகளிலும் சில பிடிக்கும். அவற்றில் சிலவற்றின் வரிகளைக் கவனித்தால் ஒரு பெண்ணாகக் கோபம் வரும், ஆனாலும் கால் தாளம் போடும். என் மாணவிகள் இதற்கு ‘கில்ட்டி பிளஷர்’ என்று பெயர் சொல்கிறார்கள். இத்தனை வருடம் சங்கீதம் படித்தவளுக்கு இது ரசனைக் குறைவா? மாணவிகளிடம் இதைச் சொல்லலாமா? என் பெயர் வேண்டாம் சார்.

ஒரு வாசகி, கும்பகோணம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ரசனைக் குறைவு இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவோம்.

‘எலந்தப் பயம்’ 1968-இல் வந்த ‘பணமா பாசமா’ படத்தின் பாட்டு. இசை கே.வி.மகாதேவன், எழுதியவர் கண்ணதாசன். அதே வருடம் அதே மகாதேவன் இசையில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. அதில் பி.சுசீலா பாடிய ‘நலந்தானா’வும் கண்ணதாசன் எழுதியதுதான். கபிஸ்தலத்தில் உங்கள் போன் அந்தப் பாட்டை எடுத்திருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். மாமியும் கூடவே முணுமுணுத்திருப்பார். மெட்டுப் போட்டவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், வருடமும் ஒன்று. பிறகு 1980-இல் ‘சங்கராபரணம்’ வந்தபோது, சினிமாப் பாட்டை வாசலோடு நிறுத்துகிற வீடுகள்கூட அதை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தன. அதற்கும் இசை மகாதேவன்தான்.

அப்படியென்றால் உங்கள் கை ஏன் அப்படிப் பாய்ந்தது? மெட்டைக் கேட்டுப் பாய்ந்திருக்காது. ழகரத்தைக் கேட்டுப் பாய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாட்டில் பழம் ‘பயம்’ ஆகிறது. இலந்தைப் பழத்தைத் தெருவில் கூவி விற்கிற ஒரு பெண்ணின் பேச்சு அது. நாம் பள்ளிக்கூடத்தில் நாக்கை மடித்து ழகரம் பழகியவர்கள். நான் ஆறாவது படிக்கும்போது சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பையன் ஒருவன் ‘வாயப்பயம்’ என்றான். வகுப்பே சிரித்தது. எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் ‘வாளப்பளம்’ என்கிறவர்கள். நானும் சிரித்தேன். அவன் அந்த வருடம் முழுக்க வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான், வாத்தியாரும் விட்டுவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கண்ணதாசனுக்கு ழகரம் தெரியாதா, ஈஸ்வரிக்குத்தான் வராதா? ‘பழம்’ என்று திருத்தி ஒருமுறை நீங்களே பாடிப் பாருங்கள். கூடைக்காரி போய்விடுவாள், பாட்டும் அவளோடு போய்விடும். மாமிக்கு முன்னால் உங்களுக்கு வந்த கூச்சம், அந்தக் கூடைக்காரி உங்கள் காரில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறாளே என்கிற கூச்சம். அது சங்கீதத்தில் சேர்த்தி இல்லை. எங்கேயோ சின்ன வயதில், வேறு யாரோ ஒருவருடைய முகச்சுளிப்பைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டது. உங்களை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஈஸ்வரி கோரஸில் பாடித் தொடங்கியவர். 1961-இல் ‘பாசமலர்’ படத்தில் ‘வாராய் என் தோழி’ பாடினார். இன்றைக்கும் மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது எத்தனையோ மண்டபங்களில் அதுதான் ஒலிக்கிறது. தொண்டையைத் திறந்து, ஊரைக் கூட்டிப் பாடுகிற பாட்டு. அதே தொண்டைதான் 1972-இல் வி.குமார் இசையில் ‘காதோடுதான் நான் பாடுவேன்’ என்று மூச்சையும் சேர்த்துப் பாடியது. ‘சிவந்த மண்’ படத்தின் ‘பட்டத்து ராணி’யில் சவுக்கடி விழுகிறது, குரல் அந்த அடியை வாங்குகிறது, அடுத்த வரியை விட்ட இடத்தில் எடுக்கிறது. அப்போதெல்லாம் வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. விம்மலும் சிரிப்பும் அந்த நெருக்கடியில்தான் சரியான இடத்தில் வந்து விழுந்திருக்கின்றன.

நீங்கள் வீணைக்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன். தந்தியை இழுத்து ஒரு கமகம் பிடிக்கும்போது, இழுப்பு ஒரு நூல் குறைந்தாலும் உங்கள் காது கண்டுபிடித்துவிடும் இல்லையா? அந்தக் காதோடு, ஸ்ருதிப் பெட்டியை அந்தப் பாட்டின் ஸ்ருதிக்கு வைத்துவிட்டு, ‘பட்டத்து ராணி’யை ஒருமுறை கேளுங்கள். விம்மல் முடிந்து அடுத்த ஸ்வரத்தில் அவர் இறங்குகிற இடத்தைக் கவனியுங்கள். எட்டிப் பிடிப்பதே கிடையாது, நேராக அதன் மேல் வந்து நிற்பார். சாதகம் பண்ணாமல் அது வராது. உங்கள் காது இதை முன்னமே கேட்டுவிட்டது, அதனால்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. மனம்தான் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு நோட்டுஸ்வரம் சொல்லிக்கொடுப்பீர்கள் இல்லையா? முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளை எடுத்து, அதற்கு சமஸ்கிருத வரிகளைப் போட்டார். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டுதான். பட்டாளக்காரர்கள் அணிவகுக்கிற தெருச் சங்கீதத்தைக் காதில் வாங்கி, பிடித்திருந்ததால் எடுத்துக்கொண்ட மனிதர் அவர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவருக்கு இருந்த சுதந்திரம் உங்களுக்கு இருக்கக்கூடாதா? மதுரை மணி ஐயர் கச்சேரியின் கடைசியில் இங்கிலீஷ் நோட்டு பாட வேண்டும் என்று சபையே காத்துக்கிடக்கும். அவரும் ஆசையாகப் பாடுவார்.

இந்தக் கூச்சத்தை ஒரு காலத்தில் அரசாங்கமே செய்து கொடுத்தது. 1952-இல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு, சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் இல்லாமல் போனது. ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் சினிமாப் பாட்டுக்கும் இடம் தந்த விவித் பாரதி சேவையைத் தொடங்கிப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதற்குள் தென் மாவட்டங்களில் எங்களுக்கெல்லாம் இலங்கைதான் வானொலி என்று ஆகிவிட்டது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு மர்பி ரேடியோ, அலமாரியின் மேல்தட்டில். அப்பா தமிழாசிரியர். சாயங்காலம் பாட்டுப் போகும்போது ஈஸ்வரி குரல் வந்தால், அப்பா பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை நிறுத்தாமலேயே எழுந்து போய்க் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பார். பாட்டு முடிகிற நேரம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். மறுபடி எழுந்து போய்க் கூட்டுவார். அத்தையும் அக்காமாரும் கூடத்தில் இருக்கிறார்களே, அதற்காக. அக்காமாருக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம் என்பது வேறு விஷயம்.

ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு ரேடியோ செட்காரர் வந்து வேப்ப மரத்தில் குழாய் கட்டுவார். விடிகாலையில் முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. அது முடிந்ததும் ‘செல்லாத்தா செல்ல மாரியாத்தா’, ‘கற்பூர நாயகியே கனகவல்லி’. அப்பா குளித்துத் திருநீறு பூசி, குழாயின் நேர் கீழே கைகூப்பி நிற்பார். ஒரு வருடம் பக்கத்தில் நின்ற நான், “இது ஈஸ்வரிதானப்பா?” என்று கேட்டேன். “அது வேற, இது வேற. சாமி கும்பிடு” என்றார். ஈஸ்வரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடமா அடுத்த வருடமா, ஒரு நாள் காய்ச்சல் என்று மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டேன். அப்பாவுக்கும் அன்றைக்கு லீவு. வீட்டில் வேறு யாரும் இல்லை. படியேறும்போதே ரேடியோ பெரிதாகக் கேட்டது. ‘பட்டத்து ராணி’. அப்பா ஈசிசேரில் சாய்ந்து, கண்ணை மூடி, மரக்கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தப்பாத தாளம். நான் செருப்பை விட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தார். எழுந்து போய்க் குமிழைத் திருகினார். “என்னடே, அதுக்குள்ள வந்துட்ட?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கை சூடாக இருந்தது, என் நெற்றியும் சூடாக இருந்தது. பாட்டு உள்ளே மெல்லிசாக ஓடி முடிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் இருந்தவரை பேசவே இல்லை. அவருக்கு ஈஸ்வரி பிடிக்கும் என்பதும் எனக்குப் பிடிக்கும் என்பதும் ஒரே வீட்டில் இரண்டு தனித்தனி ரகசியங்களாக இருந்தன. சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய பாட்டுகள் எத்தனையோ வீணாகப் போயின. எனக்கு இந்த விஷயத்தில் வருத்தம் என்று ஏதாவது இருந்தால் இதுதான்.

சரி, நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கு வருகிறேன். பெண்ணைப் பின்தொடர்வதையும் திட்டுவதையும் வீரமாகச் சொல்கிற பாட்டுகள். இதை மேலே சொன்னதோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எலந்தப் பயத்தில் உங்களுக்கு வந்தது கூச்சம். இதில் வருவது கோபம், அதற்குக் காரணமும் இருக்கிறது. ‘பாட்டுதானே, விடுங்கள்’ என்று நான் சொல்ல மாட்டேன். கால் தாளம் போடுவது அந்தப் பறையின் அடிக்கும் தவிலின் அடிக்கும்தான், அடித்தவர் நன்றாக அடித்திருக்கிறார், அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் காதில் விழுகிற வரி விழுந்ததுதான். நான் அப்படிச் சில பாட்டுகளை நிறுத்திவிட்டேன், யாரும் கேட்டு நிறுத்தவில்லை. வேறு சிலவற்றை இன்னும் விட முடியவில்லை. கேட்கும்போது வரி உறுத்துகிறது. உறுத்தட்டும் என்று விட்டிருக்கிறேன். உங்களுக்கு எது முடியுமோ அதைச் செய்யுங்கள், அந்தக் கோபத்தை மட்டும் பழமைவாதம் என்று யாரும் சொல்லி நீங்கள் கைவிட வேண்டாம்.

மாணவிகளிடம் தாராளமாகச் சொல்லலாம். சொல்வதைவிட, பாடம் முடிந்த பிறகு ‘காதோடுதான்’ பல்லவியை வீணையில் வாசித்துக் காட்டுங்கள். அந்த மூச்சை வீணையில் கொண்டுவர முடியாது. எங்கே முடியவில்லை என்பதை அவர்கள் உங்கள் விரலிலேயே பார்ப்பார்கள்.

மாமியிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. “என்னடி இது” என்று அவர் கேட்டது கண்டிப்பாக இருக்கலாம், அடுத்த வரியைக் கேட்கும் ஆசையாகவும் இருக்கலாம். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், அதனால் தெரியாது.

ஆனால் மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கண்ணாடியில் உங்களைப் பார்த்த அந்தப் பார்வையோடு அவள் இத்தனை மாதம் இருந்திருக்கிறாள். அந்தப் பாட்டு என்னுடையது, உன் பெயரைச் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து, அன்றைக்கு நிறுத்திய இடத்திலிருந்து போடுங்கள்.

அன்புடன்.