பிங் போகிறது, ஆனால் சேவைகள் பேச மறுக்கின்றன. சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரை எப்படிக் கண்காணிப்பது?

பாலக்காட்டில் மூன்று, கோயம்புத்தூரில் மூன்று என்று குபெர்னெட்டீஸ் (பல சர்வர்களில் சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) சர்வர்கள், நடுவே இரண்டு ஊரையும் இணைக்கும் விபிஎன். பிங் எல்லாம் சரி, பில்லிங் சேவை மட்டும் அடிக்கடி டைம் அவுட் ஆகிறது என்கிறீர்கள்.

பிங்குக்குப் பதில் வந்தால் மெஷின் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சேவை பேசுவது டிசிபி போர்ட்டில், அதாவது மெஷினில் அந்தச் சேவைக்கென்று உள்ள வாசலில். அதைத்தான் சோதிக்க வேண்டும். பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் டிசிபி, எச்டிடிபி, டிஎன்எஸ் மூன்றையும் தட்டிப் பார்க்கும். ஆனால் அது ஓடும் இடத்திலிருந்து தெரிவது மட்டுமே அதற்குத் தெரியும். ஆறு நோடு (அதாவது சர்வர்) என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஐந்துக்கும், 30 திசைகள். கோவையிலிருந்து பாலக்காடு போவது திரும்பி வராமல் போகலாம். அதனால் ஒவ்வொரு நோடிலும் ஓடி மற்ற எல்லாவற்றையும் அழைக்கும் கோல்ட்பிங்கர் மாதிரிக் கருவி ஒன்றை வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் எம்டியு மேல்தான்; அதாவது, துண்டாக்காமல் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு. வாளையாறு சோதனைச் சாவடியில் பைக் நிற்காமல் போய்விடும், சரக்கு லாரிதான் மாட்டும்; பாக்கெட்டும் அப்படித்தான். லினக்ஸ் பிங் சாதாரணமாகச் சுமப்பது 56 பைட். பில்லிங் பதிலோ பெரியது. பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லேன் தன் பங்குக்கு 50 பைட் எடுக்கும், வழக்கமான எம்டியு 1500 என்பது 1450 ஆகும். விபிஎன் இன்னும் கொஞ்சம் தின்னும். பாடு (pod, சேவை ஓடும் சின்ன அலகு) ஒன்றுக்குள்ளிருந்து, துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1422 பைட் பிங் அனுப்புங்கள்; பாக்கெட்டின் ஹெடர்களுக்கான 28 பைட் சேர்ந்து சரியாக 1450. அது தொலைந்தால் எம்டியுவைக் குறையுங்கள்.

அப்புறம், சராசரி தாமதத்துக்கு அலாரம் வைக்காதீர்கள். 99ஆம் சதமானத்துக்கு, அதாவது நூற்றில் 99 அழைப்புகள் முடிந்துவிடும் நேரத்துக்கு வையுங்கள்.