சுவர் தருகிறோம், சாப்பாடும் தருகிறோம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கிறேன். இது இறுதி வருடம். சொந்த ஊர் திருக்கோவில். அப்பா வயல் செய்கிறவர். வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனால், 'படம் கீறி என்ன உழைக்கப்போகிறான்' என்று மாமாமார் கேட்கும்போது அம்மாவின் முகம் சுருங்கிவிடுகிறது. அண்மையில் ஓர் அமைப்பினர் பெரிய மதில் ஒன்றில் ஓவியம் வரையக் கேட்டார்கள். வர்ணமும் சாப்பாடும் தருவார்களாம், சான்றிதழும் உண்டாம், பத்துப் பேர் பார்த்தால் எனக்குத்தான் விளம்பரமாம். கூலியைப் பற்றிப் பேச்சில்லை. ஓவியத்தை நம்பி எங்கள் பகுதியில் வாழ முடியுமா? அல்லது ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பதுதான் புத்தியா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ச., திருக்கோவில்

அன்புள்ள தம்பி,

கன்வஸில் வரைந்து விற்று, அதில் மட்டும் குடும்பம் நடத்துவது இலங்கை முழுவதிலும் மிகச் சிலருக்கே வாய்க்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது இன்னும் கடினம். ஆனால் வரையத் தெரிந்த கையை வைத்துக்கொண்டு கௌரவமாக வாழலாம். உங்கள் மாமாமார் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலையும் இல்லை. அமெரிக்கா போன்ற நாட்டிலேயே ஓவியர், சிற்பிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் மாதச் சம்பளமில்லாமல் சுயதொழிலாகத்தான் செய்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூசோ பாரிஸ் நகரின் சுங்கச்சாவடியில் வேலை பார்த்துக்கொண்டுதான் வரைந்தார். யாழ்ப்பாணத்தில் அ. மாற்கு சித்திரம் கற்பித்துக்கொண்டே தன் ஓவியங்களையும் வரைந்தார், பல ஓவியர்களையும் உருவாக்கினார். வேறு வேலை செய்ததால் அவர்கள் அரை ஓவியர்கள் ஆகிவிடவில்லை.

ஆகவே நியமனம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் தெரிவு செய்யும் அழகியல் பாடங்களில் சித்திரமும் ஒன்று. அதைச் சரியாகப் படிப்பிக்க ஆள் வேண்டும். ஆனால் காத்திருப்பதையே தொழிலாக்கிவிடாதீர்கள். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பட்டம் பெற்ற பிள்ளைகள் வெயிலில் பாய் விரித்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அரசாங்கம் எப்போது கூப்பிடும் என்பது உங்கள் கையில் இல்லை. அதுவரைக்கும் கை சும்மா இருக்கக்கூடாது.

இனி அந்த மதிலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது அதுதான்.

கலைஞனுக்குக் கொடுக்கத் தெரியாத ஊர் இல்லை இது. கூத்து அரங்கேறினால் அதைப் பழக்கிய அண்ணாவியாருக்கு வேட்டி, சால்வை, சன்மானம் என்று ஊரே சேர்ந்து கொடுத்த மரபு நம்முடையது. வாவிக்கரையோரக் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்கு முன்பு வர்ணவேலை நடந்தபோது போயிருந்தேன். சாரத்தின் மேலே வயதான ஓவியர் ஒருவர் துவாரபாலகரின் புருவத்தை எழுதிக்கொண்டிருந்தார். கீழே இறங்கியதும் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். பெற்ற முற்பணம், வர்ணத்துக்குப் போனது, உதவிப் பையன்களின் நாட்கூலி, வரவேண்டிய பாக்கி எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. கண் திறக்கும் நாளுக்குரிய தட்சணைக்குத் தனி வரி. ஆலய நிருவாகத்தினரும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் கணக்குத் தீர்த்தார்கள். யாருக்கும் அதில் வெட்கமில்லை.

இந்தப் பழக்கத்தை நாம் எங்கே தொலைத்தோம்? இன்று விழாவுக்கு மண்டபத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள், ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறார்கள், சமையல்காரருக்கும் கொடுக்கிறார்கள். மேடையின் பின்திரையை வரைந்த பிள்ளைக்கு மட்டும் பொன்னாடை. 2019 ஆம் ஆண்டு இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் வரைந்தார்களே, அது அவர்களாக விரும்பிச் செய்தது, அழகான காரியம். ஆனால் அதன்பிறகு மதில் என்றாலே இலவசம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. கோயிலுக்கோ, படித்த பள்ளிக்கூடத்துக்கோ நீங்களாக விரும்பி வரைந்து கொடுங்கள், அது உங்கள் கொடை. திட்டப் பணம் வைத்திருக்கும் அமைப்பு உங்கள் உழைப்பைக் கொடையாகக் கேட்க உரிமை இல்லை.

விலை சொல்லப் பழக வேண்டும். என்னுடைய அளவுகோல் எளியது: உங்கள் ஒரு நாளை, உங்கள் ஊர் மேசனின் நாட்கூலிக்குக் கீழே விற்காதீர்கள். ஒரு கணக்குக்காக நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓவியத்துக்கு 8 நாள் என்றால் 40,000. கன்வஸ், அக்ரிலிக், சட்டம், போக்குவரத்து எல்லாம் 12,000. அடக்கவிலை 52,000 ஆகிறது. இதையே காட்சிக்கூடம் ஒன்றில் வைத்தால், விற்ற விலையில் 40 சதவீதத்தை அவர்கள் எடுப்பது வழமை. 50 எடுப்பவர்களும் உண்டு. உங்கள் கைக்கு 52,000 வரவேண்டுமென்றால் அங்கே 86,700 அளவில் விலை ஒட்ட வேண்டும். இது தெரியாமல் அடக்கவிலையையே ஒட்டிவிட்டு, 31,200 ரூபாயோடு ஊருக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்பவருக்கு அரைவிலையில் கொடுப்பதும் கூடாது. காட்சிக்கூடத்தில் முழுவிலை கொடுத்தவர் அதைக் கேள்விப்பட்டால் மறுபடி வாங்கமாட்டார். பொருட்களின் விலையையும் அடிக்கடி பாருங்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதியாகும் வர்ணங்களை நம்பியிருந்த ஓவியர்கள் பழைய விலையிலேயே ஒப்புக்கொண்ட வேலைகளை நட்டத்தில்தான் முடித்தார்கள்.

எங்கே உழைக்கலாம் என்றால், கோயில் வர்ணவேலை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பதால் நம் கரையோரத்தில் எங்காவது ஒரு சாரம் கட்டியபடியே இருக்கும். பட்டதாரிகள் அதைத் தாழ்வாக நினைக்கிறார்கள், அது தவறு. வெளிநாட்டு உறவினர்கள் இறந்தவரின் 31 ஆம் நாள் நினைவுக்கு உருவப்படம் கேட்கிறார்கள். சனி, ஞாயிறில் வகுப்பு வைக்கலாம், சிறுவர் நூல்களுக்குப் படம் வரையலாம். மருதமுனை கைத்தறிக்காரர்களிடம் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். நூலின் எண்ணிக்கைக்குள் ஒரு கோலத்தை அடக்குவது தனி வித்தை. அதைப் பழகிக்கொண்ட ஓவியருக்கு அங்கே இடமிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் ஊருக்குத் தெற்கே அறுகம்பே இருக்கிறது. ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்கு வருகிறவர்கள் நிறைய. விடுதிச் சுவர்களில் எல்லாம் அச்சடித்த படங்கள்தான் தொங்குகின்றன. பெட்டிக்குள் அடங்கும் சிறிய ஓவியங்களை வைத்துப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: படத்தை வாங்கியவர் அந்தப் படத்துக்குத்தான் சொந்தக்காரர். அதைப் பிரதியெடுத்து ரீசேர்ட்டில் அச்சிட்டு விற்க அவருக்கு உங்கள் எழுத்துமூல அனுமதி வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை உங்கள் ஆயுள்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும்.

கொழும்புக்கும் போங்கள். 1993 இல் தொடங்கிய 'கலா பொல' என்ற தெருவோர ஓவியச் சந்தை ஆண்டுதோறும் நடப்பது. வாங்குகிறவரின் முகத்தை நேரே பார்க்கலாம், எந்தப் படத்தின் முன்னால் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று தெரியும். அந்தப் படிப்பை எந்த விரிவுரையும் தராது. பஸ்ஸில் கொண்டுபோக கன்வஸைச் சுருட்டுவதானால் வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் வர்ணப்படை நெருக்குண்டு மடிந்து வெடிக்கும்.

இத்தனையையும் செய்தாலும் முதல் சில வருடங்களில் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வயல்காரரின் பிள்ளைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பெரும்போகத்தில் வந்ததை வைத்து அடுத்த போகம் வரைக்கும் வீட்டை நடத்த அப்பாவுக்குத் தெரியும். அவரிடம் கணக்குக் கேளுங்கள்.

மதில்காரர்களுக்கு இன்றே எழுதுங்கள். கோபம் வேண்டாம், நன்றியும் அளவோடு போதும். மதிலின் நீள உயரத்தைக் கேட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று தொகை போடுங்கள். வரைவு மாதிரிக்கு ஒரு தொகை, மொத்தத்தில் பாதி முற்பணம், மாற்றம் இரண்டு முறைக்கு மேல் கேட்டால் தனிக் கூலி, ஓவியத்தின் கீழ் உங்கள் கையொப்பம். சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வேலை செய்யும் வீட்டில் சாப்பாடு போடுவது நம் பழக்கம்தான். அவர்கள் வேண்டாம் என்றால் போகட்டும். அந்த நாட்களில் உங்கள் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு இன்னொரு படம் வரையலாம்.

கண்காட்சி எப்போது என்று அறிவியுங்கள், அம்மாவையும் மாமாமாரையும் அழைத்து வாருங்கள். நானும் வருகிறேன். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் விலை எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அன்புடன்.