எவரெஸ்ட்டா, சிம்பராசோவா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். இரண்டு வருடமாக அவன் வாயைத் திறந்தால் துணுக்குதான். சாப்பிட உட்கார்ந்தால், "அம்மா, ஆக்டோபஸுக்கு மூணு இதயம்" என்பான். குளிக்கப் போடா என்றால், "வெள்ளி கிரகத்துல ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் பெருசு" என்பான். ஆஸ்திரேலியாவில் வாம்பேட் என்று ஒரு பிராணி சதுரம் சதுரமாகப் புழுக்கை போடுமாம். அதை நான் சாம்பார் ஊற்றும்போதுதான் சொல்வான். எனக்குச் சிரிப்பு வரும். அவன் அப்பாவுக்குக் கோபம் வரும். "இதெல்லாம் பரீட்சைல வருமா?" என்பார்.

போன மாதம் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பெரியப்பா மகன் இவனைப் பார்த்து, "உலகத்துலயே உசரமான மலை எதுடா?" என்று விளையாட்டாகக் கேட்டார். இவன், "சிம்பராசோ மாமா, ஈக்வடார்ல இருக்கு" என்றான். பந்தியே சிரித்துவிட்டது. "எவரெஸ்ட்டுன்னு எல்கேஜி புள்ளைக்குத் தெரியும்டா" என்றார் அவர். பிள்ளை பாதி இலையில் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் துணுக்கே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் சொன்னது தப்பா? இந்தத் துணுக்குகளால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை பொழுதுதான் போகிறதா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னது தப்பில்லை. அவன் மாமா சொன்னதும் தப்பில்லை. டேப்பின் நுனியை ஆளுக்கொரு இடத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதை முதலில் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பாதி இலையில் எழுந்த பிள்ளைக்கு இந்த ஒரு வரி ரொம்ப அவசியம்.

கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான் உயரம். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த கணக்குப்படி 8,848.86 மீட்டர். சிம்பராசோ 6,263 மீட்டர்தான், கிட்டவே வராது. ஆனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் சிம்பராசோவின் உச்சி எவரெஸ்ட்டைவிட ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வெளியே நிற்கும். கடலுக்கடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளப்பேன் என்று ஒருவர் வந்தால் இரண்டுமே தோற்றுவிடும். ஹவாய்த் தீவின் மௌனா கியா பத்தாயிரம் மீட்டரைத் தாண்டும். அதில் கடலுக்கு மேலே தெரிவது 4,207 மீட்டர்தான். ஆக, "உயரமான மலை எது?" என்று மாமா கேட்டபோது, "எங்கிருந்து அளக்கணும் மாமா?" என்று உங்கள் பிள்ளை ஒரு கேள்வி கேட்டிருந்தால் பந்தி சிரித்திருக்காது. அவனிடம் விடை இருந்தது. அந்தக் கேள்வி இல்லை. துணுக்குகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதும் இதுதான்.

என் தலைமுறைக்குத் துணுக்கு என்பது பத்திரிகையில் கட்டுரை முடிந்து பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிஞ்சினால் அதை நிரப்பப் போடுவது. 'உங்களுக்குத் தெரியுமா?' என்று கட்டம் கட்டியிருக்கும். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, உப்பைத் தட்டிவிட்டு, எண்ணெய் ஊறிய தாளில் அதைத்தான் தேடிப் படிப்பேன். பல நேரம் பாதித் துணுக்குதான் கிடைக்கும், மீதி கிழிந்துபோயிருக்கும். அந்தக் கிழிந்த பாதி என்னவாக இருக்கும் என்று வாரக்கணக்கில் யோசித்திருக்கிறேன். இன்று பிள்ளைகளுக்குத் துணுக்கு முழுசாக வருகிறது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகிறது. ஒன்றைப் பற்றி யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. என் வருத்தம் அது மட்டுமே. துணுக்கின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிம்பராசோவையே எடுத்துக்கொள்வோம். உயரத்தில் குட்டையான மலை மையத்திலிருந்து பார்த்தால் எப்படி முந்துகிறது? பூமி சரியான உருண்டை இல்லை. தன்னைத் தானே சுற்றும் வேகத்தில் நடுவில் புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் நிற்பவரைப் பூமி மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்றுகிறது. துருவத்தில் நிற்பவர் இருந்த இடத்திலேயே திரும்புகிறார். அதனால் மையத்திலிருந்து நிலநடுக்கோடு 6,378 கிலோமீட்டர், துருவம் 6,357. இருபத்தொரு கிலோமீட்டர் வித்தியாசம். சிம்பராசோ அந்தப் புடைப்பின் மேலேயே, நிலநடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எவரெஸ்ட் வடக்கே 28 பாகை (டிகிரி) அட்சரேகையில், புடைப்பு சரிய ஆரம்பித்த இடத்தில் நிற்கிறது.

இந்தப் புடைப்பு சும்மா தெரிந்துவிடவில்லை. பூமி பூசணிக்காய் மாதிரி நடுவில் அகன்றது என்றார் நியூட்டன். இல்லை, எலுமிச்சம்பழம் மாதிரி துருவங்களில் நீண்டது என்றது பிரான்ஸின் வானியலாளர் குடும்பமான காசினி குடும்பம். சண்டை தீரவில்லை. ஒரு பாகை தூரத்தின் நீளத்தை நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு முறை, வடக்கே ஒரு முறை அளந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும் என்று 1735இல் ஒரு பிரெஞ்சுக் குழு தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. மறு வருடம் இன்னொரு குழு ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்துக்குப் போனது. வடக்கே ஒரு பாகை நீளமாக இருந்தது. தட்டையான இடத்தில் நட்சத்திரம் ஒரு பாகை நகர்ந்து தெரிய அதிக தூரம் நடக்க வேண்டுமல்லவா? நியூட்டன் ஜெயித்தார். தெற்கே போன குழு வருடக்கணக்கில் மலையும் குளிருமாக அளந்த இடம்தான் இன்றைய ஈக்வடார். சிம்பராசோ இருக்கும் அதே மண்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். ஏனென்றால் இந்தக் கதை உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி நூறடி எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டினார். ஏழரை மைல் தூரத்தை அந்தச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு, கோணங்களை மட்டும் அளந்துகொண்டு போனால் நாட்டையே அளந்துவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரைபடம் வேண்டியிருந்தது. லாம்ப்டனுக்கோ பூமியின் வடிவம் வேண்டியிருந்தது. அந்த ஈக்வடார்க் கேள்வியையே அவர் நம் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கோணம் அளக்க அவர் லண்டனிலிருந்து வரவழைத்த தியோடலைட் அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், போர்க்காலமாக இருந்தும், மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

காவிரிப் படுகைக்கு வந்தபோது லாம்ப்டனுக்கு ஒரு சிக்கல். இங்கே மலை ஏது? வயலும் தென்னந்தோப்பும்தான். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் கண்ணுக்குத் தெரியாது. உயரமாக இருந்தவை கோயில்கள் மட்டுமே. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் போய் மோதியது. கோணம் படிக்கும் பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. நுணுக்கமாக அளக்க வேண்டிய ஒரு கருவிக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. லாம்ப்டன் அதைக் கூடாரத்துக்குள் எடுத்துக்கொண்டு போனார். ஒரு தட்டையான பலகையில் வட்டத்தின் சரியான அளவை வெட்டி வைத்து, ஆப்பும் திருகும் கப்பியும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆறு வாரத்தில் ஏறக்குறையப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கருவி அதற்குப் பிறகும் வேலை செய்தது.

அவர் ஆரம்பித்த முக்கோணங்கள் அவர் இறந்த பிறகும் வடக்கே போய்க்கொண்டே இருந்து இமயமலை அடிவாரத்தைத் தொட்டன. அங்கிருந்து எடுத்த கோணங்களை வைத்து, ஏட்டில் 15ஆம் எண் போட்டிருந்த ஒரு சிகரம்தான் எல்லாவற்றிலும் உயரம் என்று 1852இல் கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித வல்லுநர். அந்தச் சிகரம்தான் எவரெஸ்ட். உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவித்தார்கள். இன்றைய கணக்கு 29,031 அடிக்குச் சற்றே அதிகம். சங்கிலியும் தியோடலைட்டும் வைத்து, மலையில் கால்கூட வைக்காமல், இவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறார்கள்.

பரங்கிமலையில் சங்கிலி நீட்டிய அதே 1802இல், ஜூன் 23ஆம் தேதி, ஜெர்மன் அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் சிம்பராசோவில் ஏறினார். அதுதான் உலகத்திலேயே உயரமான மலை என்று ஐரோப்பாவில் நம்பிய காலம். உச்சியைத் தொட முடியாமல் திரும்பினார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு பந்தியில் உங்கள் பிள்ளை "சிம்பராசோ" என்று சொல்லியிருந்தால், படித்தவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றிருப்பார்கள்.

வெள்ளி கிரகத்துத் துணுக்கும் இதே ஜாதிதான். வெள்ளி சூரியனைச் சுற்றிவர 225 நாள். தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்ற 243 நாள். ஆகவே வருடத்தைவிட நாள் பெரிது, சரி. ஆனால் நாம் நாள் என்று சொல்வது ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியல்வரை அல்லவா? வெள்ளி பெரும்பாலான கிரகங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தன்னைத் தானே சுற்றுவதால் அங்கே சூரியன் மேற்கே உதிக்கும், அடுத்த விடியல் 117 நாளிலேயே வந்துவிடும். அந்தக் கணக்குப்படி வருடத்துக்கு இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. எந்த நாள் என்று கேட்காதவரை துணுக்கு பாதிதான். கெட்டி மேகம் மூடிய அந்தக் கிரகத்தின் தரையைத் தொலைநோக்கியால் பார்க்கவே முடியாது. 1960களில் ராடார் அலையை அனுப்பி, எதிரொலியைப் பிடித்துத்தான் சுழற்சியைக் கண்டுபிடித்தார்கள்.

அவன் அப்பா கேட்டாரே, பரீட்சையில் வருமா என்று? வரும். 243இல் ஒன்று, 225இல் ஒன்று, இரண்டு பின்னத்தையும் கூட்டி, விடையைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். 117 கிடைக்கும். ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்குதான்.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது உண்மை. இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடம்புக்கு. நீந்தும்போது உடம்புக்கான இதயம் நின்றுவிடும், அதனால்தான் அது நீந்துவதைவிட ஊர்ந்து போகவே விரும்புகிறது. வாம்பேட்டின் புழுக்கையும் உண்மைதான். ஏன் அப்படி என்பதற்குச் சமீபகாலம்வரை நல்ல பதில் இல்லை. டாஸ்மேனியாவில் வண்டியில் அடிபட்டுச் செத்த வாம்பேட்களின் குடலை அமெரிக்காவுக்கு வரவழைத்து, பாட்ரிசியா யாங், டேவிட் ஹூ என்ற ஆய்வாளர்கள் உள்ளே நீளப் பலூனை ஊதிப் பார்த்தார்கள். குடலின் சுவர் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை, சில இடம் விறைப்பு, சில இடம் நெகிழ்வு. அந்த ஏற்றத்தாழ்வுதான் மூலைகளை உண்டாக்குகிறது. சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2019இல் இதற்குக் கிடைத்தது. சாம்பார் ஊற்றும்போது வேண்டாம், மோர் சாதம் முடிந்ததும் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாத் துணுக்கும் உண்மை இல்லை. நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று நானே வகுப்பில் எழுந்து சொல்லிப் பென்சில் பரிசு வாங்கியிருக்கிறேன். பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவரின் அகலம் ஐந்தாறு மீட்டர், நிலா 3,84,400 கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒருவரின் ஒற்றைத் தலைமுடியைப் பார்ப்பதற்குச் சமம். 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், நிலாவைவிட ஆயிரம் மடங்கு கிட்டத்தில் சுற்றியவர், எனக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். விண்கலம் என்ற ஒன்றே இல்லாத 1754இல் ஓர் ஆங்கிலேயர் கடிதத்தில் எழுதியிருக்கும் யூகம் இது. "பார்த்தது யாரு?" என்று கேட்கப் பழகிய பிள்ளை இதில் ஏமாறமாட்டான்.

"அப்படியா? எப்படித் தெரிஞ்சுதாம்?" என்று நீங்களும் கூடவே கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போங்கள். பெரிய கோயில் விமானத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லி, அரை டன் கருவி அந்தச் சுவரில் மோதிய கதையை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் அவன் மாமாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்