அந்த மூன்றாவது குரல் யாருடையது?

கேள்வி: அமெரிக்க கன்ட்ரி இசையில் லூவின் சகோதரர்களின் பழைய பாடல்களைக் கேட்டு வருகிறேன். பாடுவது இரண்டே பேர்தான். ஆனால் சில இடங்களில் அடியில் இன்னொரு குரல் மெல்ல முனகுவதுபோல் கேட்கிறது. யார் அது?

பதில்: வேறு யாரும் இல்லை. அந்தக் குரலை உண்டாக்குவது உங்கள் காதுதான். தம்பி சார்லி 440 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 440 அதிர்வு) ஒரு சுரத்தைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ச என்று கொண்டால், அண்ணன் ஐரா அதற்கு மேலே அந்தர காந்தாரத்தில், 550 ஹெர்ட்ஸில் நிற்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் 110. அது சார்லியின் சுரத்துக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே இருக்கிறது. இரண்டு சுரங்களும் அசையாமல் நின்றால் காது அந்த 110-ஐத் தானே சேர்த்துக் கேட்கும்.

இது எல்லா ஜோடிக்கும் வாய்க்காது. கிதாரின் மெட்டுக் கட்டைகள் (fret) தரும் சுருதிப்படி பாடினால் மேல் சுரம் 550-இல் இருக்காது, 554-இல் இருக்கும். வித்தியாசம் 114 ஆகிவிடும், அடியில் எதுவும் பொருந்தாது. ஐரா கிதாரின் காந்தாரத்தை விடச் சற்றே இறக்கி, தம்பியின் குரலோடு சேர்த்துப் பாடினார். ஸ்பீக்கரில் ஓரளவு சத்தமாக வைத்து, அடி முடியும் இடத்தில் நீண்டு நிற்கும் சுரத்தைக் கவனியுங்கள். அங்கேதான் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: இப்படிப் பாட அவர்கள் எங்கே கற்றார்கள்?

பதில்: வீட்டிலும் தேவாலயத்திலும். இருவரும் அலபாமா மாநிலத்தின் சேண்ட் மவுண்டன் பகுதியில், ஹெனகர் என்ற ஊரில் வளர்ந்தவர்கள். ஐரா பிறந்தது 1924, சார்லி 1927. இயற்பெயர் லவுடர்மில்க். எழுதவும் உச்சரிக்கவும் கடினம் என்பதால் 1947-இல் லூவின் என்று மாற்றிக்கொண்டார்கள்.

தாயார் வழியில் வந்தது 'சேக்ரட் ஹார்ப்' என்ற கூட்டுப் பாடல் முறை. பாடுபவர்கள் நான்கு பிரிவாகப் பிரிந்து சதுரமாக, நடுவைப் பார்த்து உட்காருவார்கள். வாத்தியம் கிடையாது. புத்தகத்தில் சுரங்கள் முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று நான்கு வடிவங்களில் அச்சாகியிருக்கும். முதலில் வடிவங்களின் பெயரைச் சொல்லிப் பாடிவிட்டு, பிறகுதான் வார்த்தைக்கு வருவார்கள். நம் வகுப்பில் சுரம் பாடிவிட்டு சாகித்யத்துக்குப் போவதைப் போலத்தான். தொண்டையைத் திறந்து, குரலை நடுங்கவிடாமல், நேராகப் பாடுவது அங்கே பழக்கம். குரல் நடுங்கினால் மேலே சொன்ன 110 கேட்கவே கேட்காது. லூவின் ஒலியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வானொலியில் கேட்ட டெல்மோர் சகோதரர்கள், மன்றோ சகோதரர்கள் போன்ற முந்தைய ஜோடிகளின் பங்கும் அதன்மேல் சேர்ந்தது.

கேள்வி: நானும் என் தோழியும் இந்தப் பாணியில் பாடிப் பார்க்கிறோம். அவள் மெட்டு, நான் மேல்குரல். ஒவ்வொரு பாட்டிலும் ஓரிரு இடங்களில் கசக்கிறது. எல்லா சுரத்துக்கும் மூன்றாவது சுரத்தைத்தானே பிடிக்கிறேன். தவறு எங்கே?

பதில்: "எல்லா சுரத்துக்கும்" என்றீர்களே, தவறு அங்கேதான். இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை, மூன்றே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) கொண்டவை. மேல்குரல் மெட்டைப் பின்தொடர்ந்தால் மட்டும் போதாது, கார்டுக்குள்ளும் நிற்க வேண்டும்.

பாட்டு வந்து நிற்கும் வீட்டுக் கார்ட் ச-க-ப. மெட்டு ச-வில் நின்றால் நீங்கள் க. மெட்டு க என்றால் நீங்கள் ப. ஆனால் மெட்டு ப-வில் நிற்கும்போது எண்ணி மூன்றாவதைப் பிடித்தால் நி வரும், அது கார்டில் இல்லை, கசக்கும். அங்கே ஒரு படி தாண்டி மேல் ச-வுக்குப் போக வேண்டும். நான்காவது கார்ட் ம-த-ச. மெட்டு ம என்றால் த, த என்றால் மேல் ச, ச என்றால் ம. ஐந்தாவது கார்ட் ப-நி-ரி. மெட்டு ப என்றால் நி, நி என்றால் மேல் ரி, ரி என்றால் ப. கடைசி இடத்தில் ம-வும் பொருந்தும். ஆனால் ம பிடித்தால் வீட்டுக் கார்ட் வந்ததும் க-வில் இறங்கியாக வேண்டும். வேகமாகக் கடந்துபோகும் சுரங்களுக்கு மட்டும் உங்கள் மூன்றாவது சுரக் கணக்கு போதும். நீண்டு நிற்கும் சுரங்களைத் தாளில் எழுதி, எதிரே கார்டையும் குறித்துவிட்டுப் பாடுங்கள். கசந்த இடங்களில் பெரும்பாலானவை ப-வாகவே இருக்கும்.

சுருதியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு முறை உண்டு. மெட்டுப் பாடுபவருக்கு வசதியான சுருதியில் தொடங்கினால் கோரஸில் மேல்குரல் கீச்சிடும். முதலில் மேல்குரலின் உச்ச சுரம் எதுவென்று பாட்டு முழுவதும் தேடுங்கள். அதை மூன்று முறை தொடர்ந்து சிரமமின்றிப் பாட முடிகிற இடத்தில் கிதாரின் கேப்போவை (சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி) வையுங்கள்.

அப்படியும் ஒரே ஒரு வரி எட்டவில்லையா? லூவின்கள் கையாண்ட வழி இருக்கிறது. மெட்டு உயரப் போகும் இடத்தில் ஐரா மெட்டை வாங்கிக்கொள்வார், சார்லி அதற்குக் கீழே இறங்கி ஹார்மனி பாடுவார். வரி முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கண்ணசைவோ சைகையோ இல்லாமல் இந்த மாற்றம் நடக்கும். கேட்பவருக்கு யார் எங்கே மாறினார் என்று பிடிபடாது. நீங்கள் செய்யும்போது மாற்றத்தை மூச்சு விடும் இடத்தில் வையுங்கள். வார்த்தை நடுவில் மாறினால் ஒரு குரல் தடுக்கி விழுந்ததுபோல் கேட்கும்.

இன்னொன்று உயிரெழுத்து. சகோதரர்கள் ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், வாய் திறக்கும் அளவு கூட ஒன்றாக இருக்கும். மற்றவர்கள் அதைப் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் 'மை', 'மைன்' போன்ற சொற்களின் 'ஐ' ஒலியை அமெரிக்கத் தென்மாநிலத்தார் கிட்டத்தட்ட 'ஆ' என்று நீட்டி, கடைசியில்தான் மூடுவார்கள், சில நேரம் மூடவே மாட்டார்கள். ஒருவர் முதலிலேயே 'ஐ' என்று மூடி, மற்றவர் 'ஆ'-வில் நின்றால் சுருதி சரியாக இருந்தும் சேராது. பாடாமல் வரிகளை இருவரும் சேர்ந்து பேசிப் பாருங்கள். கடைசி மெய்யெழுத்தை எந்தத் தட்டில் விடுவது என்றும் முடிவு செய்யுங்கள். இரண்டு 'ட்' சத்தம் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பேர் பாடுவது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: ஐரா மேடையிலேயே மாண்டலினை உடைப்பார் என்று படித்தேன். ஏன் அவ்வளவு கோபம்?

பதில்: குடியும் முன்கோபமும் அவரிடம் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாத்தியமும் பொறுமையைச் சோதிக்கக்கூடியதுதான். ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு ஜோடி, மொத்தம் எட்டுத் தந்திகள். ஜோடியில் ஒன்று 440, மற்றது 442 என்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி அலையும். தந்தியின் அதிரும் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர், கிதாரில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். அதனால் முருக்காணி மயிரிழை நகர்ந்தாலும் சுருதி நிறைய நகரும். மேடை விளக்கின் சூட்டில் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். காந்தாரத்தை அவ்வளவு நுட்பமாகக் கேட்கும் காதுக்கு இது வேதனைதான்.

உங்களிடம் மாண்டலின் இருந்தால், ஜோடியில் ஒரு தந்தியை விரலால் தொட்டு ஒலியை அடக்கிவிட்டு மற்றதைச் சேருங்கள். பிறகு அடக்கியதை விட்டு, அலைவு நிற்கும்வரை அதைத் திருகுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேர்க்க வேண்டும். மேலிருந்து இறக்கினால் முருக்காணியின் பற்களில் உள்ள தளர்வு வாசிக்கும்போது நழுவும். சேர்த்த பின்னும் மேல் மெட்டுக் கட்டைகளில் அபசுரம் கேட்டால் குதிரையை (தந்திகளைத் தாங்கும் கட்டை) பாருங்கள். மாண்டலினில் அது ஒட்டப்பட்டிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். 12-ஆவது மெட்டுக் கட்டையில் அழுத்தி வாசித்த சுரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியைவிட ஏறியிருந்தால் குதிரையை வால்பக்கம் ஒரு துளி தள்ளுங்கள். இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம்.

கேள்வி: பக்திப் பாடகர்களாகத் தொடங்கியவர்கள் காதல் பாட்டுக்கு ஏன் மாறினார்கள்? பணத்துக்காகவா?

பதில்: வாழ வேண்டுமே! 1947-இல் அப்பல்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்கு முதல் பதிவு, பிறகு டெக்கா, எம்ஜிஎம். எதுவும் நிலைக்கவில்லை. 1952-இல் கேபிட்டல் நிறுவனத்தில் தயாரிப்பாளர் கென் நெல்சனிடம் சேர்ந்தபோதும் பக்திப் பாடல்கள்தான். இடையில் சார்லி கொரியப் போருக்குப் போய்விட்டார். 1955 பிப்ரவரியில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடையில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு பாடிய 'வென் ஐ ஸ்டாப் டிரீமிங்' கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 1956-இல் ஒரு பாட்டு முதலிடத்தையே பிடித்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், முதலிடம் பிடித்த அந்தப் பாட்டு அவர்கள் எழுதியதல்ல, ஆட்ரி இன்மன் எழுதியது. 1909-இலிருந்து 1977 வரை அமெரிக்கச் சட்டப்படி ஒரு இசைத்தட்டில் ஒரு பாட்டுக்கு எழுத்துரிமைத் தொகை 2 சென்ட். வழக்கமாகப் பதிப்பாளருக்குப் பாதி, எழுதியவருக்குப் பாதி. சகோதரர்கள் சேர்ந்து எழுதிய பாட்டென்றால் ஆளுக்கு அரை சென்ட் தேறும். அடுத்தவர் பாட்டென்றால் அதுவும் இல்லை.

அதன்பின் ராக் அண்ட் ரோல் வந்து விற்பனை சரிந்தது. மாண்டலின்தான் விற்பனையைத் தடுக்கிறது என்று நெல்சன் சொன்னதாகவும், ஐரா அதை மனதில் வைத்துப் புழுங்கியதாகவும் சார்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த யோசனை தவறு. மாண்டலினை அடக்கிய பிறகும் விற்பனை ஏறவில்லை. ஐராவின் மேல்குரலுக்குப் பதில் சொல்லும் அந்த வாத்தியத்தின் இடம்தான் காலியானது.

கேள்வி: எவர்லி சகோதரர்களும் இதே பாணிதானே? அவர்கள் மட்டும் உலகப் புகழ் பெற்றது எப்படி?

பதில்: குரல் அமைப்பு அதேதான். டான் கீழே மெட்டு, ஃபில் மேலே. மாறியது தாளமும் பாட்டின் பொருளும். 1957-இல் 'பை பை லவ்' வந்தபோது டான் கிதாரைத் திறந்த ஜி சுருதியில் (விரல் வைக்காமலே ஜி கார்ட் ஒலிக்கும்படி) வைத்து, ராக் பாணியில் அதிர அடித்தார். பாட்டைக் கொடுத்தவர்கள் பெலிஸ், பூட்லோ பிரையன்ட் தம்பதி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாழ்க்கையை அவர்களைப்போல எழுதியவர்கள் அப்போது குறைவு. அந்தப் பாட்டு கன்ட்ரியில் முதலிடம், பாப் பட்டியலில் இரண்டாமிடம்.

சறுக்கல் தொடங்கியது 1961-இல். தங்கள் மேலாளரும் ஏகஃப்-ரோஸ் பதிப்பகத்தின் தலைவருமான வெஸ்லி ரோஸுடன் பிணக்கு வந்தது. பிரையன்ட் தம்பதி அதே பதிப்பகத்துக்கு எழுதியவர்கள், அதனால் அவர்கள் பாட்டு நின்றது. சகோதரர்களும் அங்கேயே ஒப்பந்தமானவர்கள், ஆகவே தாங்கள் எழுதியதையும் பாட முடியாமல் போனது. குரல் அப்படியே இருந்தும் பாட்டு இல்லை. 1973-இல் மேடையிலேயே பிரிந்தார்கள், ஃபில் கிதாரை அடித்து உடைத்துவிட்டுப் போனார். பத்து ஆண்டு கழித்து, 1983-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மீண்டும் சேர்ந்தார்கள்.

கேள்வி: முதலில் கேட்க ஒரே ஒரு லூவின் ஆல்பம் சொல்லுங்கள்.

பதில்: 1956-இல் வந்த 'டிராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்'. 12 பாட்டு, பெரும்பாலும் பழைய நாட்டுப்புறச் சோகக் கதைகள். அட்டைப்படத்துக்குப் பேர்போன 'சேட்டன் இஸ் ரியல்' 1959-இல் வந்தது. ஐராவே வடிவமைத்த சுமார் 12 அடி உயரப் பிசாசுப் பொம்மையும் பின்னால் எரியும் டயர்களும் அதில் இருக்கும். அதை இரண்டாவதாகக் கேளுங்கள்.

கேள்வி: பிரிந்த பிறகு சார்லி எப்படிப் பாடினார்?

பதில்: 1963 ஆகஸ்டில் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டே சார்லி தனியாக ஒரு பாட்டை நான்காம் இடம்வரை கொண்டுபோனார். 1965 ஜூன் 20 அன்று மிசௌரி மாநிலத்தில் நடந்த கார் விபத்தில் ஐரா மனைவியோடு இறந்துபோனார். வயது 41. சார்லி அதற்குப் பிறகு 45 ஆண்டுகளுக்கு மேல் பாடி, 2011 ஜனவரியில் மறைந்தார்.

சகோதரர்கள் இருவரும் எப்போதும் ஒரே மைக்கில் பாடியவர்கள். ஹார்மனி வரும் வரியில் சார்லி இடதுபக்கம் கொஞ்சம் ஒதுங்கி ஐராவுக்கு வழிவிடுவார். வலதுபக்கம் யாரும் நிற்கவில்லை என்று தெரிந்தும், முதுமையிலும் அந்த வரி வந்ததும் இடதுபக்கம் நகர்ந்துவிடுவதாக அவரே சொல்லியிருக்கிறார்.